விற்ற பணம் கைக்கு வரும்வரை



பங்குச்சந்தை என்றதும் "அது கொழும்பில் கோட்டுப் போட்டவர்களின் வேலை, நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மலையகத்தில் கூடை சுமந்த பல்லாயிரம் பெண்கள், தாங்கள் என்னவென்று அறியாமலேயே பங்குதாரர்களாக இருந்தார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

அம்மாவின் பங்குகளை 2012ஆம் ஆண்டில் விற்றோம். விற்பது ஒரு நாள் வேலை. அந்தப் பணம் தரகரிடமிருந்து வங்கிக்கு வந்து, அம்மாவின் கையில் சேர்வதற்குள் நாங்கள் பட்டபாடு பெரிது. அந்தப் பாட்டில் கற்றவை வங்கிப் புத்தகம் வைத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் உதவும் என்பதால்தான் எழுதுகிறேன்.

பெரட்டுக்களத்தில் கிடைத்த கடதாசி

முதலில், ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பங்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

1970களில் பெருந்தோட்டங்களை அரசு சுவீகரித்தது. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியாருக்குக் கொடுக்கப்பட்டது. இதற்காகப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டன. 1995 முதல் அந்தக் கம்பனிகளின் பங்குகளும் விற்கப்பட்டன. காணி அரசுக்கே சொந்தம். கம்பனிகளுக்கு நீண்டகாலக் குத்தகை. பங்குகளில் பாதிக்கு மேல் நிர்வாகம் செய்ய வந்தவர்களிடம் போயிற்று. ஒரு பகுதி பங்குச்சந்தையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. நூற்றுக்குப் பத்துப் பங்கு தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது.

எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு அந்தக் கடதாசியைக் கொடுத்தார்கள். முழுவதும் ஆங்கிலம். அம்மா அதை வாங்கி மடித்து, எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு தகரப் பெட்டியில் வைத்தார். "கம்பனி குடுத்த சட்டிபிகேட்டு" என்பதைத் தவிர அதைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. எங்கள் லயத்தில் சிலர், கைக்காசு கொடுத்து வாங்க வந்த ஒருவரிடம் சில நூறு ரூபாவுக்குக் கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். தீபாவளி நெருங்கிய நேரம், பிள்ளைகளுக்குத் துணி எடுக்கக் காசு தேவைப்பட்டது. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓரிரு வருடம் பங்கிலாபம் என்று காசோலையும் வந்தது. லயத்துக்கு ஏது தனி முகவரி? கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஒபீசுக்குத்தான் வரும். அங்கே கிடந்து, யாராவது நினைத்துக்கொண்டு கொடுத்தால்தான் உண்டு. ஒருமுறை வந்த காசோலை ஆறு மாதம் கடந்து செல்லாததாகிவிட்டது. இன்னொன்று நேரத்துக்கு வந்தது. ஆனால் அது பெறுநரின் கணக்குக்கு மட்டும் என்று கோடிடப்பட்ட காசோலை. அம்மாவுக்கோ வங்கிக் கணக்கே இல்லை. சம்பளத்தைக்கூட அப்பாதான் போய் வாங்குவார். அந்தக் காசோலையும் தகரப் பெட்டிக்குள் போயிற்று.

அக்கா வந்தார்

1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போனது உங்களில் பலருக்குத் தெரியும். சிலருக்கு அது உங்கள் சொந்தக் கதையாகவே இருக்கும். எங்கள் மாமா குடும்பம் கிளிநொச்சிக்குப் போனபோது, பதின்மூன்று வயது அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அக்கா அங்கேயே வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டினார்.

2010இல் முகாமிலிருந்து வெளியே வந்த அக்கா, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் காம்பராவுக்கு வந்தார். அத்தான் வரவில்லை. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அக்காவின் கையில் ஒரு பொலித்தீன் பை மட்டும் இருந்தது. அதற்குள் அடையாள அட்டை, விவாகப் பதிவு, அத்தானின் வங்கிப் புத்தகம். இடம்பெயர்ந்த ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடியதாகச் சொன்னார்.

அத்தானின் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனோம். "கணக்குக்காரர் வர வேண்டும். இல்லாவிட்டால் மரணச் சான்றிதழ் வேண்டும்" என்றார்கள். அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போதுதான், "அவர் செத்துட்டார்னு நானே எழுதிக் குடுக்கணுமாம்" என்றார்.

அக்காவுக்குத் தையல் தெரியும். பழைய மெஷின் ஒன்று கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, ஒருநாள் தகரப் பெட்டியைத் திறந்து அந்தப் பழைய கடதாசியை என் முன்னால் வைத்தார்.

"இது எதுக்காவது ஆகுமான்னு பாரு புள்ள."

ஒரே அம்மா, இரண்டு பெயர்

பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்த எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிக்குமளவுக்குத்தான் வரும். தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு, கண்டியிலுள்ள ஒரு பங்குத் தரகர் அலுவலகத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக பஸ். அம்மாவுக்கு வழியெல்லாம் தலைசுற்றல்.

அங்கே இருந்த பெண் பிள்ளை பொறுமையாக விளக்கினார். கையிலிருக்கும் பத்திரத்தை அப்படியே சந்தையில் விற்க முடியாது. தரகர் மூலம் மத்திய வைப்பகத்தில் அம்மாவின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, பத்திரத்தை ஒப்படைக்க வேண்டும். அந்த வைப்பகத்தை எல்லோரும் சீ.டீ.எஸ். என்பார்கள். 1991 முதல் இயங்குகிறது. நகைக்கு வங்கிப் பெட்டகம்போல, பங்குக்கு அது. ஆனால் உள்ளே கடதாசி இல்லை. யாரிடம் எத்தனை பங்கு என்ற கணினிப் பதிவு மட்டும் இருக்கும்.

கணக்குத் திறக்க அடையாள அட்டையைக் கொடுத்தோம். பார்த்தவுடனேயே அந்தப் பிள்ளை நிமிர்ந்தார். "இரண்டு பெயரும் வேறாக இருக்கிறதே அம்மா?"

பத்திரத்தில் இருந்தது செக்ரோல் பெயர். யாரோ ஒரு கணக்கப்பிள்ளை தன் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்து. கூடவே தாத்தாவின் பெயர். அடையாள அட்டையில் இருந்தது அம்மாவின் சரியான பெயர். கூடவே அப்பாவின் பெயர். அம்மா பல வருடம் நாடற்றவராக இருந்தவர். இந்திய வம்சாவளி மக்களுக்குப் பிரசாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின்னரே அவருக்கு அடையாள அட்டை கிடைத்தது. நாட்டில் பிரசையாக இல்லாத காலத்திலேயே கம்பனியில் பங்காளியாக இருந்திருக்கிறார்!

இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்று சமாதான நீதவான் ஒருவர் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்தோம். தோட்டத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கினோம். அதற்கு நான்கு தடவை ஒபீசுக்கு நடந்தேன். இதற்கே மூன்று மாதம் போயிற்று.

தரகர் கேட்ட அடுத்த விடயம் வங்கிக் கணக்கு. தம்பி கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறான். "அம்மாவுக்கு எதுக்கு பேங்க்? என்னோட எக்கவுண்டு நம்பரக் குடுத்துருங்க, நான் எடுத்து அனுப்புறேன்" என்றான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் நடந்தது. ஆனால் தரகர் அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். "பங்கு யாருடைய பெயரிலோ, பணமும் அவருடைய பெயரிலுள்ள கணக்குக்குத்தான் போகும். மகன் கணக்குக்கு அனுப்ப முடியாது" என்றார்கள்.

அப்படியாகத்தான் என் அம்மாவுக்கு அறுபத்தேழாவது வயதில் ஹட்டனில் முதல் வங்கிக் கணக்கு திறக்கப்பட்டது. கைநாட்டு வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், "இல்லீங்க, எழுதுவேன்" என்று சொல்லி, பிள்ளை மடுவத்தில் நான் பழக்கிக் கொடுத்தபடி தன் பெயரை எழுதினார். ஐந்து எழுத்துக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அம்மா அவசரப்படவில்லை.

விற்றாயிற்று, பணம் எங்கே?

ஒரு செவ்வாய்க்கிழமை தரகர் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. பங்குகள் 11,400 ரூபாவுக்கு விற்றுவிட்டன. 2011 கூட்டு ஒப்பந்தப்படி ஒரு தொழிலாளியின் நாட்சம்பளம் எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்து 515 ரூபா. ஆகவே அம்மாவின் பங்குகள், ஒருத்தி இருபத்திரண்டு நாள் முழுப்பேர் போட்டு உழைப்பதற்குச் சமம்.

அம்மா மறுநாளே வங்கிக்குப் போக வெள்ளைச் சேலை உடுத்தித் தயாராகிவிட்டார். நானும் போனேன். புத்தகத்தைப் பதிந்து பார்த்தால், கணக்குத் திறக்கப் போட்ட பணம் மட்டும்தான் இருந்தது.

"ஏமாத்திட்டாங்களா புள்ள?"

எனக்கும் வயிறு கலங்கிவிட்டது. தொலைபேசியில் கேட்ட பிறகுதான் விடயம் விளங்கியது. பங்கை விற்பது ஒன்று, பணம் தீர்வாவது ஒன்று, பணம் வங்கிக்குப் போவது இன்னொன்று. மூன்றும் வேறு வேறு.

கொழுந்தை மடுவத்தில் நிறுத்தவுடன் கையில் காசு வருகிறதா? நிறுத்ததற்குத் துண்டு வரும்; சம்பளம் பிறகுதான். இதுவும் அப்படித்தான். விற்ற அன்று விற்பனைச் சீட்டு வரும். விற்றவருக்குப் பணம் தீர்வாவதற்கு அன்று மூன்று வேலைநாள் எடுத்தது. இப்போது அது இரண்டு வேலைநாளாகக் குறைந்திருக்கிறது. சனி, ஞாயிறு, போயா நாட்கள் கணக்கில் சேராது.

தீர்வான பணம் முதலில் நிற்பது தரகரிடமுள்ள நமது பெயரேட்டில். அங்கிருந்து வங்கிக்கு அனுப்பும்படி நாம் அறிவுறுத்த வேண்டும். சில தரகர்கள் கணக்குத் திறக்கும்போதே இந்த அறிவுறுத்தலை வாங்கிவைத்து, தீர்வான அன்றே அனுப்பிவிடுவார்கள். சிலர் ஒவ்வொரு முறையும் கடிதம் கேட்பார்கள். நாங்கள் கையொப்பமிட்ட படிவங்களில் அந்த அறிவுறுத்தல் இருக்கவில்லை. கேட்காவிட்டால் பணம் அங்கேயே கிடந்திருக்கும்.

விற்ற தொகை முழுதும் வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சிறு தொகைகளுக்குத் தரகுக் கட்டணம், பங்குச்சந்தை, வைப்பகம், ஆணைக்குழு ஆகியவற்றின் கட்டணங்கள், அரசின் பங்குப் பரிமாற்ற அறவீடு எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு 1.12 ரூபா கழியும். 11,400 ரூபாவுக்கு அது 127 ரூபா 68 சதம். அம்மாவுக்கு வர வேண்டியது 11,272 ரூபா 32 சதம். விற்பனைச் சீட்டில் எல்லாம் தனித்தனியாக எழுதியிருந்தது. மடுவத்தில் தராசைப் பார்த்துப் பழகிய அம்மா, "கழிச்சது எவ்வளவுன்னு எழுதியாவது இருக்கே" என்றார்.

ஓர் இலக்கத்தால் வந்த வினை

வெள்ளிக்கிழமை கடிதம் அனுப்பினோம். திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று, பணம் வரவில்லை. தரகரிடம் கேட்டால் "அனுப்பிவிட்டோம்" என்றார்கள். வங்கியில் கேட்டால் "வரவில்லை" என்றார்கள். கிணற்றில் போட்ட கல்போல இருந்தது. அம்மா சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். தம்பி தொலைபேசியில், "அப்பவே சொன்னேனே" என்றான்.

பிழை யாருடையது தெரியுமா? என்னுடையது. கடிதத்தில் கணக்கு இலக்கத்தை எழுதியவள் நான். வங்கிப் புத்தகத்தில் பேனாவால் எழுதியிருந்த 1ஐ 7 என்று வாசித்துவிட்டேன். அப்படி ஓர் இலக்கத்தில் கணக்கே இல்லாததால் பணம் தரகரிடம் திரும்பிவிட்டது. நல்லகாலம்! அந்த இலக்கத்தில் வேறொருவருக்குக் கணக்கு இருந்திருந்தால் பணம் அங்கே போயிருக்கவும் கூடும். பிறகு அதை மீட்பது பெரும்பாடு.

இரண்டாவது முறை இலக்கத்தை எழுதி மட்டும் அனுப்பவில்லை. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் போட்டோப் பிரதி எடுத்து, கடிதத்தோடு இணைத்தேன். இரண்டு நாளில் பணம் வந்தது.

வங்கியில் புத்தகத்தைப் பதிந்து கொடுத்தபோது அம்மா அதை என்னிடம் தரவில்லை. தானே விரித்து, எண்களை விரலால் தடவிப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் மலையில் உழைத்தவர். அவருடைய பெயருக்கு நேராக ஒரு தொகை எழுதியிருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

8,000 ரூபா எடுத்து அக்காவுக்குப் பழைய தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். மீதியை எடுக்கவில்லை. வங்கி அட்டையைத் தம்பி கேட்டான். "கேளு, நான் எடுத்துத் தர்றேன். அட்டை என்கிட்டயே இருக்கட்டும்" என்றார். அம்மா அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அதே விதி, மறுபக்கம்

அன்றிரவு அக்கா கேட்ட கேள்வியைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். "அம்மாவுக்கு அவங்க பேரு இருந்ததால காசு வந்துச்சு. எனக்கு என் பேரு இல்லாததால வரல. ஒரே சட்டந்தானே?"

ஆம், ஒரே சட்டம்தான். யாருடைய பெயரோ அவருக்கே பணம் என்பது தம்பியின் கைக்குப் போகவிருந்த பணத்தை அம்மாவிடம் சேர்த்தது. அதுவே அத்தானின் சேமிப்பை அக்காவுக்கு எட்டாமல் செய்தது.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு 2016இல் ஒரு வழி பிறந்தது. அந்த ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். காணாமல் போனவரின் சொத்துகளைச் சட்டப்படி பராமரிக்கவும், சமூக நல உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவும். சொத்தைத் தற்காலிகமாகவேனும் பெயர் மாற்றுவதற்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும். அக்கா அதைப் பெற்றுக்கொண்டார். பணத்துக்காக மட்டுமல்ல. "இதுல அவரு செத்துட்டாருன்னு எழுதல" என்றார். இதை எல்லோரும் எடுத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவரவர் மனம் அவரவருக்குத்தான் தெரியும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்பதை அறிந்து வைத்திருங்கள்.

அக்காவின் கேள்வியைக் கேட்டதிலிருந்து அம்மா சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரமே வங்கிக்குப் போய், தன் கணக்குக்கு அக்காவைப் பின்னுரித்தாளியாக எழுதிவைத்தார். 2019இல் அம்மா காலமானார். கணக்கில் இருந்தது பெரிய தொகையல்ல. ஆனால் மரணச் சான்றிதழையும் தன் அடையாள அட்டையையும் கொண்டுபோன அக்காவை இந்த முறை யாரும் திருப்பி அனுப்பவில்லை.

மறவாதீர்கள்

பங்கானாலும், சேமலாப நிதியானாலும், இழப்பீடானாலும், வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசானாலும், பணம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை ஒன்றுதான்.

* உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு வைத்திருங்கள். பணம் வரும்போது திறக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

* அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், பத்திரங்கள் எல்லாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வேறாக இருந்தால் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள்.

* கணக்கு இலக்கத்தை வாயால் சொல்லாதீர்கள். புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியைக் கொடுங்கள்.

* விற்ற நாளையும் பணம் தீர்வாகும் நாளையும் நாட்காட்டியில் குறியுங்கள். அந்த நாள் கடந்தும் வராவிட்டால் தயங்காமல் கேளுங்கள். விற்பனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

* பங்குத் தரகர் பிணைகள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் அனுமதி பெற்றவரா என்று விசாரியுங்கள். இப்போது தொலைபேசியிலேயே கணக்குத் திறக்கும் வசதி வந்துவிட்டது. அதே தொலைபேசியில் ஏமாற்றுக்காரரும் வருகிறார்கள். "முதலில் என் சொந்தக் கணக்குக்குப் பணம் போடுங்கள்" என்பவரை நம்பாதீர்கள்.

* வெற்றுப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள். வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை மகனுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

* கணக்குக்குப் பின்னுரித்தாளியை எழுதிவையுங்கள். நமக்குப் பின் வருபவர் வாசலில் நிற்கக்கூடாது.

உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டியோ பொலித்தீன் பையோ இருக்கும். இன்று மாலை அதைத் திறந்து, உள்ளே இருக்கும் கடதாசிகளில் உங்கள் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளையும் தெரிந்துகொள்ளட்டும்.